வானத்துல ஷோ டைம் கிடையாது

வருஷா வருஷம் ஒரு ஃபார்வர்டு சுத்துது. "இன்னைக்கு ராத்திரி கோள்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டுல நிக்குது, தவறவிட்டா இந்த ஜென்மத்துல கிடையாது" அப்படின்னு. கூடவே கம்ப்யூட்டர்ல வரைஞ்ச ஒரு படம்: கலர் கலரா ஏழு உருண்டை, பாறாங்கல் சைஸ்ல. 2025 ஜனவரிலயும் பிப்ரவரிலயும் இது ரொம்பவே ஓடுச்சு. அத நம்பி ஒரே ஒரு ராத்திரி மொட்டை மாடி ஏறுறவங்க, நாலு வெளிச்சப் புள்ளியப் பாத்துட்டு "ப்பூ, இவ்வளவுதானா"ன்னு இறங்கிடுறாங்க. அதோட வானத்துக்கும் அவங்களுக்கும் இருந்த உறவு முடிஞ்சுது. நிஜத்துல அந்த ஜனவரி சாயங்காலங்கள்ல மேற்கே வெள்ளியும் சனியும், உச்சி வாக்குல வியாழனும், கிழக்கே செவ்வாயும் வாரக்கணக்கா நின்னுச்சு. ஒரு நாள் கூத்து இல்ல அது. அந்த "நேர்கோடு"ம் புதுசு இல்ல. கோள்கள் எல்லாமே சூரியனக் கிட்டத்தட்ட ஒரே தளத்துல சுத்துது, நாமளும் அதே தளத்துல இருந்துதான் பாக்குறோம். அதனால சூரியனும் நிலாவும் போற அந்த ஒரே பாதைய ஒட்டித்தான் எல்லாக் கோளும் எப்பவும் தெரியும். வரிசையா நிக்காம வேற எப்படி நிக்கும், சொல்லுங்க?

அதனால இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயத்தத்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்கப் போறேன். வானம் ஒரு நாள் நிகழ்ச்சி இல்ல, அது ஒரு பழக்கம். பக்கத்து வீட்டுக்காரரத் தெரிஞ்சுக்கணும்னா அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் போயிட்டு வந்தா ஆகுமா? தினம் வாசல்ல பாத்தாத்தானே ஆள் பிடிபடும். சூரியனும் அஞ்சு கோள்களும் (புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி) அதே கணக்குதான். அதுக்கு டெலஸ்கோப் வேண்டாம், மலை உச்சி வேண்டாம். புதுச்சேரில அதிகம் யாரும் ரசிக்கப் போகாத ஒரு ஊர், தொழிற்பேட்டை ஊர், சேதராப்பட்டு போதும். அந்த ஊர வேணும்னே எடுத்துக்கிட்டேன். அங்க முடியும்னா எங்கயும் முடியும்.

"சேதராப்பட்டுலயா? அங்க கம்பெனி லைட்டுதான் தெரியும்"னு முதல் ஆட்சேபணை வரும். நியாயமான கேள்வி. பிப்டிக் தொழிற்பேட்டை ராத்திரி முழுக்க எரியுது, லாரி ஹெட்லைட் கண்ணக் குத்துது, தென்கிழக்கே புதுச்சேரி டவுனோட வெளிச்சம் வேற வானத்த வெளுக்க வைக்குது. ஆனா இந்த வெளிச்சம் யாரக் கொல்லுதுன்னு பாக்கணும். பால்வீதியக் கொல்லுது. மங்கலான நட்சத்திரங்களக் கொல்லுது. கார்த்திகைக் கூட்டத்துல ஆறு எண்ண முடியாமப் பண்ணுது. கோள்கள அதால ஒண்ணும் பண்ண முடியாது. ராத்திரி வானத்துலயே பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். வெள்ளி அத விடச் சுமார் பத்து மடங்கு பிரகாசம். வியாழனும் எப்பவும் சிரியஸ மிஞ்சித்தான் நிக்கும். செவ்வாய் நமக்குக் கிட்ட வர்ற வருஷங்கள்ல அதுவும் அப்படித்தான். சனி கொஞ்சம் மட்டு, ஆனாலும் டவுன் நடுவுலயே தெரியுற ரகம். ஹைமாஸ்ட் விளக்கு நேரா கண்ணுல அடிச்சாத்தான் தொந்தரவு. ஒரு சுவர் மறைவுல நின்னா அதுவும் தீந்துச்சு. ஆக "இருட்டான ஊருக்குப் போகணும்"ங்கறது நட்சத்திர ரசிகர்களோட தேவை. அதக் கோள் பாக்குறவங்க தலைல யாரோ கட்டிட்டாங்க.

இருட்டு இருந்தா மட்டும் போதாதுங்கறதுக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கு. 2012-13 குளிர்காலத்த ஒட்டி, லடாக் எல்லைல நம்ம ராணுவம் மாசக்கணக்கா ரெண்டு வெளிச்சத்தக் குறிச்சு வச்சுச்சு, சீனாவோட உளவு டிரோனா இருக்கும்னு. கடைசில இந்திய வான் இயற்பியல் மையத்து ஆட்கள் பாத்து, அது வெள்ளியும் வியாழனும்னு சொன்னாங்க. லடாக் வானத்த விட இருட்டான வானம் இந்தியால எங்க கிடைக்கும்? பிரச்சனை வெளிச்சம் இல்ல, அறிமுகம்தான். கோளத் தெரிஞ்சுக்க ரெண்டு மூணு அடையாளம் போதும். நட்சத்திரம் ஒரு புள்ளி, அதனால காத்துல அதோட ஒளி துடிக்கும். கோள் ஒரு சின்ன வட்டு, அதனால பெரும்பாலும் அசையாம எரியும் (அடிவானத்துக்குப் பக்கத்துல, சூடான காத்துல, கோளும் ஆடும். அத வச்சு ஏமாறக் கூடாது). செவ்வாய் செம்மஞ்சள், சனி லேசா மஞ்சள், வெள்ளி சுத்த வெள்ளை. வெள்ளி நடுராத்திரில நம்ம ஊர்ல தெரியவே தெரியாது. சூரியன விட்டு அது 47 டிகிரிக்கு மேல விலகுறதில்ல. சூரியன் மறைஞ்சப்புறமோ விடியறதுக்கு முன்னாடியோ மூணு மணி நேரம், அதுக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான். ராத்திரி 12 மணிக்கு உச்சில பளிச்சுன்னு ஒண்ணு அசையாம நின்னா அது வியாழனா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ரெண்டாவது ஆட்சேபணை இன்னும் சுவாரஸ்யம். "நம்ம ஊர்ல பகல் நீளம் என்னங்க மாறுது? எப்பவும் ஆறுக்கு ஆறு." இதப் படிச்சவங்களே சொல்றாங்க. சேதராப்பட்டு பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரில இருக்கு. ஜூன் 21 வாக்குல அங்க பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிஷம். டிசம்பர் 21 வாக்குல 11 மணி 25 நிமிஷம். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியா வித்தியாசம். ஐரோப்பாக்காரங்களுக்கு இது சிரிப்பா இருக்கும், சரி. ஆனா கடிகாரத்த வச்சுப் பாத்தா இங்க ஒரு வேடிக்கை நடக்குது. பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் குடுத்தாங்க? டிசம்பர் 21 குறுகின பகல், அதனால அன்னைக்கு சூரியன் சீக்கிரம் மறையும், லேட்டா எழும்னுதானே? நம்ம ஊர்ல ரெண்டுமே தப்பு. சேதராப்பட்டுல சூரியன் ரொம்பச் சீக்கிரம் மறையுறது நவம்பர் 20 வாக்குல, சுமார் 5.42-க்கு. டிசம்பர் 21-ல 5.51 ஆயிடுது. காலைல ரொம்ப லேட்டா எழுறது ஜனவரி 24 வாக்குல, சுமார் 6.36-க்கு. டிசம்பர் 21-ல அது 6.26தான். மார்கழி முதல் நாள் 6.24-க்கு எழுற சூரியன், பொங்கலன்னைக்கு 6.35-க்கு எழுது. கோலம் போடுறவங்களுக்கு மாசம் போகப் போக விடியல் தள்ளிப் போற மாதிரி தோணினா, அது பனி பண்ற மாயம் இல்ல. நிஜமாவே தள்ளித்தான் போகுது. (ஒண்ணு ரெண்டு நிமிஷம் முன்னப்பின்ன இருக்கலாம். அதுக்குச் சண்டைக்கு வராதீங்க.)

ஏன் இப்படி? ஒரு உச்சி வெயில்ல இருந்து அடுத்த உச்சி வெயில் வரைக்கும் சரியா 24 மணி நேரம்னு நாம நினைக்கிறோம். இல்ல. பூமியோட அச்சு சாஞ்சிருக்கு. பாதையும் சரியான வட்டம் இல்ல, ஜனவரி முதல் வாரத்துல சூரியனுக்குக் கிட்ட வரும்போது பூமி கொஞ்சம் வேகமா ஓடுது. இந்த ரெண்டும் சேந்து டிசம்பர் கடைசில ஒவ்வொரு உச்சியும் முந்தின நாளவிட அரை நிமிஷம் தள்ளி வருது. நவம்பர் ஆரம்பத்துல சேதராப்பட்டு உச்சி நேரம் 11.54. பிப்ரவரி நடுவுல அதே உச்சி 12.25. முழுசா அரை மணி நேரம் நகருது. உச்சி நகர்ந்தா உதயமும் அஸ்தமனமும் கூடவே நகரும். லண்டன்லயும் இதே நகர்வு உண்டு. ஆனா அங்க பகல் நீளம் பெரிய அடியா மாறுறதால இந்தச் சின்ன நகர்வ அது முழுங்கிடும். அங்க சீக்கிர அஸ்தமனம் டிசம்பர் 12 வாக்குல, லேட் உதயம் டிசம்பர் கடைசில. நம்ம ஊர்ல பகல் நீளம் மெதுவா மாறுறதால நகர்வு ஜெயிச்சுடுது, ரெண்டு பக்கமும் ஒரு மாசம் தள்ளிப் போயிடுது. அதாவது "நம்ம ஊர்ல ஒண்ணும் மாறல"ன்னு சொல்ற அதே காரணம்தான் இந்த வித்தியாசத்த இங்க பளிச்சுன்னு காட்டுது. பேட்டைல சாயங்காலம் அஞ்சரைக்கு ஷிப்ட் முடிஞ்சு சைக்கிள எடுக்குறவருக்குப் புத்தகமே வேண்டாம். நவம்பர் 20 வாக்குல பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல சூரியன் போயிடும். பிப்ரவரி நடுவுல 6.17 வரைக்கும் இருக்கும். அந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல பகல் நீளம் கூடினது என்னவோ 12 நிமிஷம்தான்.

நேரத்த விட்டுட்டு இடத்தப் பாருங்க, இன்னும் தெளிவு. சூரியன் மேற்கே மறையுறதுங்கறது பாதி உண்மை. சரியா மேற்கே மறையுறது மார்ச்லயும் செப்டம்பர்லயும் மட்டும்தான். ஜூன்ல அங்கேருந்து 24 டிகிரி வடக்கே, டிசம்பர்ல 24 டிகிரி தெக்கே. கைய நீட்டி முஷ்டி மடக்கினா அந்த அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. ஆக வருஷத்துல அஞ்சு முஷ்டி அகலத்துக்கு மறையுற இடம் போயிட்டு வருது. ஒரே மாடில நின்னு ஒரு தண்ணி டேங்கையோ செல்போன் டவரையோ குறி வச்சுக்கிட்டா போதும். அடிவானம் விரிவா வேணும்னா ஊசுட்டேரி பக்கம்தானே இருக்கு. மார்ச், செப்டம்பர்ல தினம் ஒரு சூரிய அகலத்துக்குக் கிட்டத்தட்ட நகர்றது ஒரே வாரத்துல தெரிஞ்சிடும். ஜூன், டிசம்பர்ல அங்கயே நிக்கிற மாதிரி நிக்கும். (நேரா சூரியன முறைச்சுப் பாக்கச் சொல்லல. செக்கச் சிவந்து அடிவானம் தொடும்போது ஒரு பார்வை, அவ்வளவே. மத்த நேரத்துல நிழலப் பாருங்க.)

நிழல்னு சொன்னதும் ஞாபகம் வருது. வெளிநாட்டுப் புத்தகங்கள்ல "உச்சிச் சூரியன் எப்பவும் தெக்கே"ன்னு இருக்கும். சேதராப்பட்டுல ஏப்ரல் 21 வாக்குல சூரியன் நடு உச்சில வந்து நிழல விழுங்கிடுது, ஆகஸ்ட் 21 வாக்குல மறுபடி. நடுவுல இருக்குற நாலு மாசம் உச்சிச் சூரியன் வடக்கே, நிழல் தெக்கே. லண்டன்காரனுக்கு வாழ்நாள் பூரா கிடைக்காத காட்சி. இது மட்டும் இல்ல. 12 டிகிரில சூரியனோட பாதை அடிவானத்துக்கு எப்பவும் கிட்டத்தட்ட செங்குத்தாவே இறங்குது. அதனால அந்தி சட்டுனு முடிஞ்சிடுது, இருபது நிமிஷம் சொச்சத்துல கோள்கள் கண்ணுக்கு வந்துடுது. லண்டன்ல ஜூன் மாசம் ராத்திரி முழுக்க வானம் முழுசா இருட்டுறதே இல்ல. புதன் விஷயம் இன்னும் சாதகம். சூரியன விட்டு 28 டிகிரிக்கு மேல அது விலகாது. வடக்கத்தி ஊர்கள்ல பல சமயம் அது அடிவானத்த ஒட்டிப் படுத்துக்கிட்டே போயிடும், அதனாலதான் "புதன் கண்ணுக்குச் சிக்காது"ன்னு புத்தகங்கள்ல ஒரு பேரு. நம்ம ஊர்ல செங்குத்தா நிக்கிறதால வருஷத்துல பல தடவை சிக்கும். சேதராப்பட்டு வெளிச்சத்துக்காக வருத்தப்படுறவங்க, அந்த ஊரோட அட்சரேகைக்காக ஒரு தடவை சந்தோஷமும் படணும்ல?

இப்ப வெள்ளிக்கு வருவோம். பழக்கத்தோட பலன் இதுல தெரியுற மாதிரி வேற எதுலயும் தெரியாது. 2009 ஜனவரி 14, பொங்கலன்னைக்கு, வெள்ளி சாயங்கால வானத்துல சூரியன விட்டு உச்சபட்சமா விலகி நின்னுச்சு. அடுத்து அதே மாதிரி எப்போ? 2017 ஜனவரி 12. அதுக்கப்புறம்? 2025 ஜனவரி 10. எட்டு வருஷத்துக்கு ரெண்டு நாள் கம்மி, ஒவ்வொரு தடவையும். பூமியும் வெள்ளியும் எட்டு வருஷத்துல அஞ்சு தடவை இப்படிச் சந்திச்சுக்கிட்டு, கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துடுது. 2033 பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னாடி மேற்கே எங்க பாக்கணும்னு இப்பவே எழுதி வச்சுக்கலாம். கருவியே இல்லாத காலத்து மக்களுக்கு இது தெரிஞ்சிருந்துச்சுன்னா, எட்டு வருஷம் தொடர்ந்து பாத்தாங்கன்னுதான் அர்த்தம். திருப்பாவைல மார்கழி விடியல்ல வெள்ளி மேல வந்ததும் வியாழன் இறங்கினதும் பதிவாகியிருக்கு. அத வச்சு தமிழறிஞர் மு. இராகவையங்கார் ஆண்டாள் காலத்த கி.பி. 731-ன்னு கணிச்சார். இந்த அமைப்பு திரும்பத் திரும்ப வரும், ஒரு வருஷத்த மட்டும் சுட்டாதுன்னு எதிர்வாதம் உண்டு, அதுவும் சரிதான். ஆனா தேதி எதுவா இருந்தா என்ன? விடியக்காலைல எழுந்து ரெண்டு அடிவானத்தையும் பாக்குற பழக்கம் உள்ள ஊர்லதான் அப்படி ஒரு வரி பிறக்கும்.

அந்த எட்டு வருஷத்துல மாட்டிக்கிட்டு அல்லாடின ஒரு மனுஷன் நம்ம புதுச்சேரிக் கதைல இருக்கார். கியோம் லெ ஜாந்தி, பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கறுப்புப் புள்ளியா போறத 1761 ஜூன் 6-ல அளக்க 1760-லயே பிரான்ஸ விட்டுக் கிளம்பினார். அளந்தா பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் தெரியும், அவ்வளவு பெரிய காரியம். வந்து சேர்றதுக்குள்ள 1761 ஜனவரில புதுச்சேரிய இங்கிலீஷ்காரன் பிடிச்சுட்டான். கப்பல் ஆட்டத்துல நின்னு பாத்ததுதான் மிச்சம், அளவுக்கு உதவல. அடுத்தது எட்டு வருஷத்துல வரும்னு இந்தப் பக்கமே தங்கிட்டார். 1768 மார்ச்ல புதுச்சேரி வந்தார். இடிஞ்சு கிடந்த கவர்னர் மாளிகை இடத்துல ஒரு நோக்ககம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை வந்துச்சு. மேகம். வெள்ளி சூரியனக் கடந்து முடிச்சப்புறம் வானம் வெளுத்துச்சு. 1771-ல ஊருக்குப் போனா, செத்துட்டார்னு நினைச்சு சொந்தக்காரங்க சொத்தப் பிரிக்க ஆரம்பிச்சிருந்தாங்க. இந்தக் கதைய எல்லாரும் துரதிர்ஷ்டத்துக்கு உதாரணமாச் சொல்றாங்க. நான் அத எதிர்ப்பக்கமாப் படிக்கிறேன். அதே லெ ஜாந்தி, புதுச்சேரியோட ஜனவரி, பிப்ரவரி ராத்திரிகள அவ்வளவு அழகுன்னு புகழ்ந்து எழுதி வச்சிருக்கார். அவருக்குக் கிடைக்காமப் போனது ஒரே ஒரு காலை. கிடைச்சது நூத்துக்கணக்கான ராத்திரிகள்.

"அதான் நீங்களே சொல்லிட்டீங்களே, மேகம்"னு கேப்பீங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் பாதி வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, நடுவுல புயல், ஜூலை ஆகஸ்ட் சாயங்காலத்துல இடி. உண்மைதான். ஆனா மேகம் யாருக்கு எதிரி? ஒரே நாள் நிகழ்ச்சிக்காரனுக்கு எதிரி. வெள்ளி ஒரு தடவை சாயங்கால வானத்துக்கு வந்தா பல மாசம் இருக்கும். வியாழன் வருஷத்துல பத்து மாசம் ஏதோ ஒரு நேரத்துல தெரியும். அதுல இருபது நாள் மேகம் வந்தா என்ன நட்டம்? மழைக்கு அப்புறம் ஒரு நாள் விடும் பாருங்க, தூசியெல்லாம் கழுவின வானம், அதுக்கு ஈடு கிடையாது. 2012 ஜூன் 6-ல வெள்ளி இதே மாதிரி சூரியனக் கடந்த இடைமறிப்பத் தவறவிட்டவங்களுக்கு அடுத்தது 2117 டிசம்பர்லதான். அந்த வருத்தம் நியாயம். ஆனா அந்த வெள்ளியே இடைமறிப்புக்கு முன்னாடி மாசக்கணக்கா சாயங்காலத்துலயும், பின்னாடி மாசக்கணக்கா விடியல்லயும் நின்னுச்சு. பாத்தவங்க எத்தனை பேர்?

லெ ஜாந்தி இங்க சும்மா இருக்கல. தமிழ்க் கணக்கர்கள் கிரகணக் கணக்குப் போடுறத உக்காந்து கத்துக்கிட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தோட மொத்த நேரத்துல தமிழ்க் கணக்கு 41 விநாடிதான் பிசகுச்சு. ஐரோப்பால அப்ப பேர்போன டோபியாஸ் மேயர் அட்டவணை 68 விநாடி பிசகுச்சு. இந்த இடத்துல நம்ம ஆட்கள் விசில் அடிச்சுட்டு நிறுத்திடுவாங்க. நிறுத்தக் கூடாது, கதை இன்னும் இருக்கு. 1825-ல ஜான் வாரன்னு ஒருத்தர் இதே புதுச்சேரில ஒரு பஞ்சாங்கக் கணக்கரப் பாத்தார். தரைல சோழிய வச்சு, மனப்பாடமா இருந்த வாக்கியங்கள வச்சு, எழுதாமலே அவர் அந்த வருஷத்து கிரகணத்தக் கணிச்சார். ஆரம்பம் 4 நிமிஷம் பிசகு, நடு 23 நிமிஷம், முடிவு 52 நிமிஷம். பல நூற்றாண்டுக்கு முன்னாடி போட்ட வாய்ப்பாட்ட நினைவுல இருந்தே எடுத்து இவ்வளவு பக்கத்துல வந்தது பெரிய சாதனை. ஆனா அந்த 52 நிமிஷம் இன்னொண்ணும் சொல்லுது. கணக்கு எவ்வளவு நல்லதா இருந்தாலும், வானத்தப் பாத்து அப்பப்போ திருத்தலேன்னா அது மெல்ல மெல்ல விலகும். அந்தத் திருத்தத்த ஒரு நாள் பாத்தவனால பண்ண முடியாது. தொடர்ந்து பாத்தவனாலதான் முடியும்.

கணக்கு விலகுற இந்தக் கதையோட இன்னைய வடிவம் நம்ம யூனியன் பிரதேசத்துலயே, காரைக்கால் திருநள்ளாறுல இருக்கு. சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாறு பின்பத்துற வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20. ஒரே சனி, ஒரே கும்பம், நடுவுல பதினோரு மாசம். அடுத்த பெயர்ச்சியும் அப்படியே: ஒண்ணு 2025 மார்ச் 29, இன்னொண்ணு 2026 மார்ச் 6. கோவில் எந்த மரபுல விழா எடுக்கணும்ங்கறது கோவிலோட விஷயம், கும்பிடுறவங்களோட விஷயம். அதுல நான் தலையிடல. ராசிக்கு வானத்துல கோடு கிழிச்சு வைக்கவும் இல்ல, அதனால "கும்பத்துக்குள்ள போயாச்சா"ங்கற கேள்விக்குக் கண்ணால பதில் சொல்ல முடியாது. ஆனா சனி எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல, எவ்வளவு தூரத்துல நிக்குதுங்கற கேள்விக்குக் கண்ணு பதில் சொல்லும். அந்தப் பதினோரு மாசத்துல சனி நகர்ந்தது 8 டிகிரி, ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் கம்மி. மொட்டை மாடில கைய நீட்டினாலே அளக்கக்கூடிய தூரம். டிவில ரெண்டு ஜோசியர் சண்டை போடுறதப் பாக்குறதுக்கு முன்னாடி சனியையே ஒரு தடவை பாக்கலாம்ல? 2020 டிசம்பர் 21-ல வியாழனும் சனியும் ஒட்டிக்கிட்டு நின்னத எல்லாரும் பாத்தாங்க. அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா ரெண்டும் நெருங்கி நெருங்கி வந்தத, வியாழன் முந்திக்கிட்டுப் போனதப் பாத்தவங்களுக்குத்தான் எது வேகம், எது மந்தம்னு தானாப் புரிஞ்சிருக்கும்.

"செல்போன்ல ஆப் இருக்கே, மேல காட்டினா பேரு சொல்லுதே"ன்னா, வச்சுக்கங்க, நல்ல விஷயம்தான். முதல் அறிமுகத்துக்கு அது போதும். ஆனா ஆப் காட்டுறது இந்த நிமிஷத்த. நாம பேசிக்கிட்டிருக்கிறது மாற்றத்தப் பத்தி. நேத்து எங்க இருந்துச்சு, போன மாசம் எந்த டேங்குக்கு மேல இருந்துச்சுங்கறது உங்க நினைவுல இருந்தாத்தான் அது மாற்றம். "இதெல்லாம் தெரிஞ்சு என்ன லாபம்"னு கேக்குறவங்களுக்கும் என்கிட்ட பதில் உண்டு. ஃபார்வர்டுல வர்ற பொய்ய நிமிஷத்துல பிடிக்கலாம். புத்தகத்துல இருக்குற விதி எந்த ஊருக்காக எழுதினது, நம்ம ஊருக்குப் பொருந்துமான்னு சோதிச்சுப் பாக்குற புத்தி வரும். "டிசம்பர் 21-லதான் சூரியன் சீக்கிரம் மறையும்"ங்கறத இத்தனை வருஷம் பரீட்சைல எழுதி மார்க் வாங்கினோமே, ஜன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பாத்தோமா?

அதனால பள்ளிக்கூடங்களுக்கு ஒரு யோசனை. நிழலில்லா நாள்னு ஏப்ரல் 21 வெயில்ல பசங்கள நிறுத்தி, டப்பாவ வச்சு போட்டோ எடுத்துட்டு அடுத்த வருஷம் வரைக்கும் மறந்துடுறது இருக்கே, அதுவும் ஒரு ஷோதான். பாதி பள்ளிக்கூடத்துல அப்ப லீவே விட்டிருக்கும். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் கொடிக்கம்பம் இருக்கு. கொடி ஏத்துற நாளும் புதுச்சேரிக்காரங்களுக்கு மத்தவங்களவிட ஜாஸ்தி: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16, நவம்பர் 1. இந்த நாலு நாளும் (லீவு நாள்தான், மிட்டாய் வாங்க வர்றவங்கள ஒரு மணி நேரம் சேத்து நிறுத்தினா ஆச்சு) உச்சி நேரத்துல கம்பத்தோட நிழல் நுனிய சாக்பீஸால குறிச்சு, எப்போ ரொம்பக் குட்டையா ஆச்சுன்னு மணியும் எழுதச் சொல்லுங்க. கம்பம் 5 மீட்டர்னு வச்சுக்கங்க. ஜனவரி 26-ல நிழல் வடக்கே ஏறக்குறைய 3 மீட்டர், உச்சி 12.23. ஆகஸ்ட் 15-ல தெக்கே ஒரு ஜாண் கூட இருக்காது, உச்சி 12.15. மறுநாள் 16-ந் தேதி அதே நிழல் ரெண்டு மூணு செ.மீ. போல குறைஞ்சிருக்கும். நவம்பர் 1-ல மறுபடி வடக்கே ரெண்டரை மீட்டர், உச்சி 11.54. நாலு கோடு, நாலு மணி. வாத்தியார் ஒண்ணும் விளக்க வேண்டாம். "ஏன் சார் ஆகஸ்ட்ல மட்டும் தெக்கே விழுது, ஏன் சார் நவம்பர்ல உச்சி பன்னெண்டுக்கு முன்னாடியே வந்துச்சு"ன்னு ஒரு பிள்ளை கேக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கிட்டே அது அடுத்த ஜனவரி வரைக்கும் பாக்கும், பாத்துக்கிட்டே இருக்கும். எனக்கு அது போதும்.